வெயிலில் இளகிய வில்: ஒரே அச்சில் செய்த இரண்டு மரவில்கள்

ஏப்ரல் மாதம், மத்தியானம் ஒரு மணி. கோயம்புத்தூரில் நிழலே இல்லாத ஒரு மைதானத்தின் ஓரம் கார் நின்றிருந்தது. காலையில் எய்து முடித்த வில்லை நாண் கழற்றாமல் பின்சீட்டில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து எடுத்தபோது கண்ணுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. வழக்கம்போல நாணைச் சுண்டினேன். காலையில் 'டிங்' என்று ஒலித்த நாண் 'தொப்' என்று அடங்கியது. உடனே கழற்றிப் பார்த்தேன். காலையில் இலக்கின் பக்கமாக 25 மி.மீ. முன்வளைந்திருந்த நுனிகள், எய்பவர் பக்கமாக 40 மி.மீ. சாய்ந்து கிடந்தன. ஆறு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வில் அது.

உடைந்திருந்தால் காரணம் தேடுவது சுலபம். உடைந்த இடமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இது உடையவில்லை, விரிசலும் இல்லை. இழுத்தால் வளைந்தது, விட்டால் அம்பு போனது. ஆனால் பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. நம்மூர் மரம் வில்லுக்கு ஆகாது, வெளிநாட்டு மரம் வேண்டும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அது தவறு என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

முதல் வில் எப்படிச் செய்யப்பட்டது

நம் நாட்டில் பல பிள்ளைகள் வில்வித்தையைத் தொடங்குவது இந்தியன் ரவுண்ட் என்ற போட்டிப் பிரிவில், மூங்கில் வில்லோடுதான். நானும் மூங்கில் வில்லைத் தொட்டுத்தான் இந்தப் பைத்தியத்துக்குள் வந்தேன். ஒற்றை மூங்கிலில் செய்த வில்லை விட, பட்டை பட்டையாக ஒட்டிய வில்லில் ஒவ்வொரு பொருளையும் அதற்கு ஏற்ற இடத்தில் வைக்கலாம். இலக்கைப் பார்க்கும் பக்கத்தை வில்லின் முதுகு என்றும், எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் சொல்வோம். இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. முதுகுக்கு இழுவிசை தாங்கும் பொருள் வேண்டும், வயிற்றுக்கு அமுக்கம் தாங்கும் பொருள் வேண்டும்.

முதுகுக்கு முள்மூங்கிலின் அடிப்பகுதியை எடுத்தேன். வெளித்தோலை ஒட்டித்தான் நார் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக மென்மையான சோறு அதிகம். அதனால் உள்பக்கத்தை மட்டும் இழைத்து 4 மி.மீ. ஆக்கினேன், வெளித்தோலில் கத்தி படவிடவில்லை. நடுவில் 4 மி.மீ. தேக்கு. வயிற்றுக்குக் கருவேலம். வண்டிச் சக்கரத்துக்கும் ஏர்க் கலப்பைக்கும் கருவேலத்தைத் தேடிப் போனவர்கள் நம் ஆட்கள். அது அடி தாங்கும், எளிதில் நசுங்காது. ஆனால் கணுவும் முறுக்கும் இல்லாமல் ஒரு மீட்டர் நீளத்துக்கு நேர் ரேகையுள்ள கருவேலம் மரவாடியில் சுலபத்தில் கிடைக்காது. மூன்று மரவாடி ஏறி இறங்கி இரண்டு துண்டு பொறுக்கினேன். அவற்றைக் கைப்பிடி இருக்கும் இடத்தில் மீன்வால் வெட்டில் இணைத்தேன்.

நீளம் 68 அங்குலம். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற கைகளை லிம்ப் என்போம். கைப்பிடியை ஒட்டி லிம்ப் அகலம் 38 மி.மீ., நுனியில் 12 மி.மீ. குறுக்குவெட்டு தட்டை. 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் வில்லைக் கணக்குப் போட்டுப் பார்த்து, தட்டையான குறுக்குவெட்டுதான் மரத்தை வீணாக்காமல் வேலை வாங்குகிறது என்று காட்டினார். அதன் பிறகு வீட்டில் வில் செய்பவர்களில் பெரும்பாலோர் அந்த வழியில்தான் போகிறார்கள். அச்சுக்கட்டையில் 50 மி.மீ. முன்வளைவு வைத்து ஒட்டினேன்.

பசைதான் பாக்கி. கட்டில், மேசை, கதவு எல்லாவற்றுக்கும் தச்சர்கள் போடும் வெள்ளைப் பசை வீட்டில் இரண்டு கிலோ இருந்தது. மரம் பிய்ந்தாலும் பசை விடாது என்று பல முறை பார்த்திருக்கிறேன். அதையே தடவினேன்.

பிரித்துப் பார்த்தது

ஒட்டும்போது பட்டைகள் நகராமல் இருக்கிறதா என்று பார்க்க, பக்கவாட்டில் மூன்று பட்டைக்கும் குறுக்காக, பத்து பத்து செ.மீ. இடைவெளியில் பென்சில் கோடு போட்டிருந்தேன். மேலே பூசிய எண்ணெய்க்கு அடியில் அந்தக் கோடுகள் இன்னும் இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கைப்பிடியை ஒட்டிய கோடு நேர்கோடாகவே இருந்தது. நுனியை நோக்கிப் போகப் போகக் கோடு படிக்கட்டாக உடைந்திருந்தது. மூங்கிலில் உள்ள துண்டு ஓரிடம், தேக்கில் உள்ளது சற்றுத் தள்ளி, கருவேலத்தில் உள்ளது இன்னும் தள்ளி. நுனிக்கு அருகில் மூங்கிலுக்கும் தேக்குக்கும் நடுவே விலகல் 0.8 மி.மீ.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் படிக்கட்டாக நிற்கும். பட்டை வில்லில் பசைக்கு உள்ள வேலையே அந்த வழுக்கலைத் தடுப்பதுதான். சம தடிமன் உள்ள மூன்று பட்டைகள் ஒட்டாமல் கிடந்தால், ஒட்டிய கட்டையின் விறைப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மீதி எட்டுப் பங்கையும் தருவது பசைதான். கணக்கும் ஒத்துப்போனது. 800 மி.மீ. நீள லிம்பின் நுனி 65 மி.மீ. பின்னால் வந்திருந்தால், ஏறக்குறைய இந்த அளவுக்குப் பட்டைகள் வழுக்கியிருக்க வேண்டும்.

இதை மட்டும் வைத்து மரத்தை விடுவித்துவிட முடியாது. மரம் நசுங்கி வளைந்ததால்கூடப் பசை இழுபட்டிருக்கலாம் அல்லவா. அதனால் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஈரத்துணி மேல் வைத்து, ஒரு லிம்பை நுனியிலிருந்து பிரித்தேன். கத்தி முனையைக் கொடுத்ததும் பசை பால்கோவா மாதிரி இழுபட்டு விட்டது. பிரிந்த கருவேலப் பட்டையை இரண்டு நாள் சமதரையில் வைத்து அளந்தேன். நிரந்தரமாகத் தங்கியிருந்த வளைவு 8 மி.மீ. மட்டுமே. 65-ல் 8. மரம் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

பழைய வீட்டுக் கதவுகளைச் செப்பனிட்டுத் தரும் ஒரு ஆசாரியிடம் பிரித்த பட்டையைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தப்பு மரத்து மேல இல்லீங் தம்பி. இந்தப் பசை வெய்யில்ல எளகுமுங்க. மேசைக்காலு ஒரே பக்கமா இழுத்துட்டா நிக்குது? இது ராப்பகலா இழுத்துக்கிட்டே நிக்குதுல்லீங்க."

"அப்ப எதுல ஒட்டறதுங்கண்ணா?"

"எனக்கு வில்லு தெரியாதுங்க. ஆனா வெய்யில்ல வச்சுப் பாக்காம ஒட்டாதீங்க."

அவர் சொன்னதில் விஷயம் முழுதும் இருக்கிறது. வெள்ளைப் பசை காய்வது என்றால் தண்ணீர் வெளியேறுவது மட்டுமே. அதன் பிறகும் அது சூட்டில் இளகும் பிளாஸ்டிக்தான். ஓங்கி ஒரு அடி அடித்தால் தாங்கும். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், சூடு சேர்ந்தால் சீக்கிரமே கொடுக்கும். நாண் ஏற்றிய வில்லில் விசை ஓய்வதே இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் 60 டிகிரி வரைகூடச் சூடு போகும். குளிர் நாட்டில் இருந்து எழுதும் ஒருவருக்கு இதே பசை பல வருடம் நின்றிருக்கலாம். அவர் குறிப்பைப் படித்து நாம் செய்தால் முதல் கோடையிலேயே விடை தெரிந்துவிடும்.

பசையும் தட்பவெப்பமும் வில்காரர்களுக்குப் புதிய தலைவலி அல்ல. ஜப்பானின் நீண்ட வில்லான யூமி, மூங்கிலும் மரமும் சேர்த்து ஒட்டியது. மரபான யூமிக்கு விலங்குத் தோலில் காய்ச்சிய பசை போடுவார்கள். அப்படிப்பட்ட வில்லை வெப்பமும் ஈரமும் கூடிய நாட்களில் மிகக் கவனமாக வைத்துப் பழகவேண்டும் என்று அங்கே இன்றும் சொல்லித் தருகிறார்கள். வட ஐரோப்பாவின் சாமி மக்கள் பைன் மரத்தின் இறுகிய பகுதியை வயிற்றுக்கும் பிர்ச் மரத்தை முதுகுக்கும் வைத்து மீன் பசையில் ஒட்டினார்கள். குளிரில் அது நின்றது. இந்தியாவில் கொம்பும் தசைநாரும் ஒட்டிய வில்கள் புழங்கிய காலத்திலேயே முழுக்க எஃகில் அடித்த வில்களும் செய்திருக்கிறார்கள். கொம்பு வில் அளவுக்கு அவை சுறுசுறுப்பானவை அல்ல. ஆனால் ஆயுதக் கிடங்கில் எத்தனை மழைக்காலம் கிடந்தாலும் பிரிய அவற்றில் பசை இல்லை. அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு வில்லைப் பார்க்கும்போது அதைச் செய்தவர் எதை நினைத்துச் செய்திருப்பார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

வெயிலில் வைத்துப் பார்த்தது

ஆசாரி சொன்னபடியே செய்தேன். முதல் வில்லில் மிஞ்சிய அதே மூங்கில், அதே தேக்கு. 30 செ.மீ. நீளம், 25 மி.மீ. அகலத்தில் துண்டுகள் நறுக்கி, இரண்டிரண்டாக வளைந்த கட்டையின் மேல் ஒட்டினேன். காய்ந்து எடுத்தபோது ஒவ்வொன்றிலும் நடுவில் 15 மி.மீ. வளைவு. பிறகு எல்லாவற்றையும் ஒரு பலகையோடு சேர்த்து சி கிளாம்ப் போட்டு நிமிர்த்தி, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பிளைவுட் பெட்டியில் நான்கு குண்டு பல்பு எரியவிட்டு, 55 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தேன்.

கிளாம்பைக் கழற்றியதும் வெள்ளைப் பசைத் துண்டில் மீதமிருந்த வளைவு 4 மி.மீ. எபாக்சி என்பது பிசினையும் இறுக்கியையும் கலந்து போடும் பசை. அதில் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையில் 8. மெதுவாக இறுகும் 24 மணி நேர எபாக்சியில் 12. அதே எபாக்சியை ஒட்டியபின் சூட்டுப்பெட்டியில் வைத்து இறுகவிட்ட துண்டில் 14. எபாக்சி சூட்டில் இறுகினால் அதற்குள் பிணைப்பு இன்னும் நெருக்கமாகும், பின்னால் வரும் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். நான்கே துண்டுதான், ஆய்வுக்கூடச் சோதனை அல்ல. ஆனால் எதை வாங்குவது என்று முடிவெடுக்க இது போதும். ஐந்து நிமிடச் சரக்கை அவசரத்துக்கு வாங்கி வில்லில் போடாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

விடியற்காலை ஒட்டியது

இரண்டாவது வில்லுக்கு மரம், அளவு, அச்சு எதையும் மாற்றவில்லை. மாற்றினால் எது காரணம் என்று பிறகு தெரியாது. பட்டைகளைத் தினமும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். ஐந்து நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்ற பிறகுதான் ஒட்டத் துணிந்தேன். ஈரமானி 9 சதவீதம் காட்டியது.

எபாக்சியைக் கலந்தபின் கிடைக்கும் நேரம் டப்பாவில் எழுதியிருப்பது 25 டிகிரிக்கு. நம்மூர் மே மாத மாலையில் அதில் பாதி போய்விடும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். மச்சான் துணைக்கு வந்தான். எடை போட்டுச் சொல்வது அவன், தடவுவது நான். நான் வாங்கிய எபாக்சியில் பிசின் 100 கிராமுக்கு இறுக்கி 80 கிராம். கண் அளவில் கலக்கக் கூடாது. கலந்ததைக் கப்பிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். கலந்ததும் ஒரு அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிட்டோம்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். ஒட்டும் முகங்கள் கண்ணாடி மாதிரி இருக்கத் தேவையில்லை, கொஞ்சம் சொரசொரப்பு நல்லது. ஆனால் இரண்டு முகமும் இடைவெளி இல்லாமல் சேரவேண்டும். விளக்கின் முன்னால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், வெளிச்சம் கசிந்த இடங்களை மறுபடி இழைத்தேன். முதல் வில்லைப் பிரித்தபோது பசை முகத்தில் ஆங்காங்கே பளபளவென்று தீவு தீவாக இடங்கள் இருந்தன. அங்கெல்லாம் பட்டைகள் தொடவே இல்லை. அந்தத் தவறு பசையின் தலையில் போட முடியாதது, இழைத்த கையினுடையது.

எபாக்சி தடவிய பட்டைகள் சோப்புக்கட்டி போல வழுக்கும். கைப்பிடி நடுவில் மூன்றையும் துளைத்து இரண்டு மூங்கில் ஆணி இறக்கியதும் அடங்கின. பிறகு சைக்கிள் கடையில் வாங்கிய பழைய டியூப்களை நீள நாடாவாகக் கிழித்து, நடுவிலிருந்து இரண்டு நுனிக்கும் இழுத்து இழுத்துச் சுற்றினோம். வெள்ளைப் பசைக்கு நல்ல அழுத்தம் வேண்டும், எபாக்சிக்கு அப்படி இல்லை. அதிகம் நசுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்து நடுவில் ஒன்றும் மிஞ்சாது. டியூப் அழுத்தம் அதற்கு அளவாக இருக்கிறது. விளிம்பு முழுதும் கடுகு கடுகாக ஒரே சீராகப் பசை எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏழு மணிக்கு அச்சோடு சேர்த்து மொட்டைமாடியில் உள்ள நீளப் பெட்டிக்குள் வைத்தோம். முதலில் சூடில்லாமல் நான்கு மணி நேரம், பிறகு பல்பு எரியவிட்டு 55 முதல் 60 டிகிரியில் ஆறு மணி நேரம், மறுநாள் காலை வரை அப்படியே ஆறவிட்டது. கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள். தோலில் ஒவ்வாமை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் பிறகு வாழ்நாள் முழுதும் எபாக்சி பக்கம் போகமுடியாது.

எடுத்ததும் முதல் வேலையாகப் பக்கவாட்டில் குறுக்குக் கோடுகளை இழுத்தேன். இந்த முறை பென்சில் இல்லை, கட்டர் கத்தியால் கீறிக் கரி தேய்த்தது.

டில்லரிங்: போன நான்கு பவுண்டு

இரண்டு லிம்பும் ஒரே சீராக வளையும்படி சுரண்டிச் சரிசெய்வதுதான் டில்லரிங். சுவரில் கைப்பிடிக்கு ஒரு கட்டை, கீழே கப்பி, கப்பி வழியாக வரும் கயிறு, கயிற்றில் லக்கேஜ் தராசு. மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுக்கவேண்டும். உடைந்தால் துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. இழுத்து, வளைவைப் பார்த்து, விறைப்பான இடத்தில் வயிற்றுப் பக்கம் மட்டும் சுரண்டி, இருபது முப்பது தடவை இழுத்துவிட்டு மறுபடி பார்ப்பது. ரசமட்டம் வைத்துச் சுவரில் கோடு போட்டு, போனில் படம் எடுத்து ஒப்பிட்டேன்.

20 அங்குல இழுப்பில் கீழ் லிம்பில் ஒரு கீல் தெரிந்தது. கைப்பிடியிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஓரிடம் மட்டும் மற்றதைவிட அதிகமாக மடங்கியது. வெர்னியரில் அளந்தால் அங்கே 10.4 மி.மீ., அதே தூரத்தில் மேல் லிம்பில் 11. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. 0.6 மி.மீ. குறைந்தால் விறைப்பு ஏறக்குறைய 15 சதவீதம் போய்விடுகிறது. அகலம் அப்படி இல்லை, பத்து சதவீதம் அகலம் குறைந்தால் பத்து சதவீதம் விறைப்புதான் குறையும். அதனால்தான் நுனியை நோக்கி அகலத்தைக் கத்தரிப்பது பயமில்லாத வேலை, தடிமனில் கை வைப்பது பயமுள்ள வேலை.

பலவீனமான இடத்தில் சில்லு ஒட்டிச் சரிசெய்வதும் உண்டு. நான் அதற்குப் போகவில்லை. அந்த இடத்தைத் தொடாமல் மற்ற எல்லா இடத்தையும் அதன் அளவுக்கு இறக்கினேன். உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினால் கருவேலம் முடி மாதிரிச் சுருளாக வரும். ரம்பமோ அரமோ போடமுடியாத அளவுக்கு மெல்லியதாக எடுக்க அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. நான்கு மாலை அப்படியே போனது. இழுக்கத் தேவையான விசை நினைத்தது 42 பவுண்டு, கிடைத்தது 28 அங்குல இழுப்பில் 17.3 கிலோ, அதாவது 38 பவுண்டு. வளைவு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. அந்த நான்கு பவுண்டுக்காக நான் வருந்தவில்லை.

நாண் டாக்ரான் என்ற செயற்கை இழையில். நுனிகளில் மாட்டுக் கொம்புத் துண்டு ஒட்டி அதில் நாண் மாட்டும் குதை வெட்டினேன். ஒட்டும்போது 50 மி.மீ. இருந்த முன்வளைவில் டில்லரிங் முடிந்து மிஞ்சியது 27.

18 மீட்டரில் இலக்கை வைத்து, என் பக்கத்தில் போனை ரிக்கார்டரில் போட்டு எய்தேன். நாண் ஒலிக்கும் அம்பு குத்தும் ஒலிக்கும் நடுவே 0.46 விநாடி. குத்திய ஒலி திரும்பி வர எடுக்கும் 0.05 விநாடியைக் கழித்தால் அம்பு போன நேரம் 0.41. விநாடிக்கு 44 மீட்டர். அம்பின் எடை 26 கிராம், அப்படியானால் 25 ஜூல். இரண்டு இரண்டு அங்குலமாக இழுத்து எடை குறித்துப் போட்ட கணக்கில் வில்லுக்குள் சேர்வது 47 ஜூல். பாதிக்குச் சற்று மேல் அம்புக்குப் போகிறது. மீதி லிம்பை ஆட்டுவதிலும் நாணிலும் மரத்தின் உள்ளேயும் செலவாகிறது.

ஒரு கோடை கழித்து

அடுத்த ஏப்ரலில் அதே மைதானம், அதே கார். இந்த முறை தெரிந்தே, நாண் ஏற்றி, அதே ஒன்றரை மணி நேரம் பின்சீட்டில் வைத்தேன். மனம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கழற்றி அளந்தபோது முன்வளைவு 22 மி.மீ. இருந்தது, இரண்டு மணி நேரம் நிழலில் கிடந்தபின் 24. பக்கவாட்டுக் கீறல்கள் பதினான்கையும் லென்ஸில் பார்த்தேன். ஒன்றுகூடப் படிக்கட்டாகவில்லை. சோதனைக்காகச் செய்தது அது, வழக்கமாக எய்து முடித்ததும் நாணைக் கழற்றித் துணியுறையில் போட்டு வீட்டின் உள்சுவரில் படுக்கைவாட்டில் வைத்துவிடுகிறேன்.

கவலை ஒன்று பாக்கி. மேல் லிம்பின் வயிற்றில், கைப்பிடியிலிருந்து 30 செ.மீ. தள்ளி, கருவேலத்தில் ஒரு மிளகு அளவுக் கணு இருக்கிறது. அதன் பக்கத்தில் போன மாதம் தலைமுடி மாதிரி ஒரு குறுக்குச் சுருக்கம் தெரிந்தது. மரம் நசுங்கத் தொடங்கும்போது வரும் அடையாளம் அது. இரண்டு முனையிலும் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறேன். அப்போது நீளம் 6 மி.மீ. நேற்று வரை நான்கு வாரத்தில் சுமார் எழுநூறு அம்பு போயிருக்கிறது. சுருக்கம் இன்னும் அந்தப் புள்ளிகளுக்குள்ளேதான் நிற்கிறது.